தையல்நாயகியின் வலது கை

போன மாதம் சீர்காழிப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து ஒரு டாக்டர் போன் செய்தார். நிவேதா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகாத பெண் என்பது குரலிலேயே தெரிந்தது. என் நம்பரை யார் கொடுத்தார்களோ. ஓய்வுபெற்ற பிசியோதெரபி டெக்னீஷியனைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டிய நிலைமை வந்துவிட்டதே என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. முழங்கால் வலியோடு பாபநாசத்தில் என் வீட்டு நாற்காலியில் சாய்ந்து, பார்க்கப் பிடிக்காத சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒரு மீனவர் வந்திருக்கார். தொழுநோய்க்கு மருந்து முழுசா சாப்பிட்டு முடிச்சவர். புதுசா தேமல் ஒண்ணும் இல்ல. ஆனா வலை முடியும்போது ஊசி கையிலேர்ந்து நழுவுதுன்னு சொல்றார். காது மடல்லேர்ந்து எடுத்துப் பாத்ததுல உசுரோட கிருமி எதுவும் தெரியல."

"முழங்கையைத் தொட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. நரம்பு தடிச்சிருக்கு. உருட்டினா மூஞ்சியச் சுளிக்கிறார். ஸ்டீராய்டு ஆரம்பிச்சுட்டேன், தஞ்சாவூருக்கும் எழுதி அனுப்பிட்டேன். கேள்வி அது இல்ல. 'கை பழையபடி வருமா டாக்டர்'னு கேக்கறார். அவருக்கு என்ன சொல்றது?"

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, யாருக்கும் தெரியாத ஒன்றை என்னிடம் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். அப்படி யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதுவதில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெண் மறுபடி போன் செய்வார்.

நான் படித்த கதையைச் சொல்லி உங்கள் பொழுதை வீணாக்கப் போவதில்லை. டெக்னீஷியன் படிப்பு முடிந்ததும் கிடைத்த முதல் வேலை தொழுநோய் ஆராய்ச்சிப் பிரிவில். "அங்க போனா உன்னை எவன் கட்டிப்பான்?" என்று உறவில் கேட்காதவர் இல்லை. ஒருவர் கட்டிக்கொண்டார். கடைசிவரை என் கையால் காப்பி வாங்கிக் குடித்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

பாபநாசத்துக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் வாய்க்கால் கரையில் ஓர் ஓட்டுக் கட்டடம், அதுதான் எங்கள் பிரிவு. அதற்குத் தலைவர் டாக்டர் சவுரிராஜன். குள்ளமான மனிதர். பேச்சு குறைவு, கோபம் வந்தால் அதுவும் நின்றுவிடும். காலையில் வந்ததும் ஃபிளாஸ்கிலிருந்து வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றி விரல்களைக் கொஞ்ச நேரம் அதில் வைத்திருப்பார். சித்திரை வெயிலிலும் அதே பழக்கம். குளிர்ந்த விரலுக்கு நரம்பு பிடிபடாது, தொடப்படுகிறவருக்கும் உடம்பு கூசும் என்பார். பிறகு நோயாளிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் முழங்கையை மடக்கித் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொள்வார். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று அடிக்குமே, அந்தக் குழியில் விரலை வைத்து மெல்ல உருட்டுவார். நல்ல நரம்பு அகப்பட்டும் அகப்படாமலும் வழுக்கும். கெட்டுப்போன நரம்பு கயிறுபோல் உருளும். ஒரு கை முடிந்ததும் அடுத்த கை, பிறகு முழங்காலின் வெளிப்பக்கம், பிறகு கணுக்கால். இதையெல்லாம் செய்யும்போது அவர் கண் கையில் இருக்காது.

"முகத்தைப் பாரும்மா, சந்திரா. 'வலிக்குதா'ன்னு கேட்டா நம்ம ஜனங்க மரியாதைக்கு 'இல்லீங்க'ன்னுடும். முகம் மரியாதை பாக்காது."

அவர் முடித்த பிறகு என் வேலை. கண்ணை மூடச் சொல்லி, குச்சியில் பொருத்திய நைலான் நூலை உள்ளங்கையில் அது வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி எடுப்பேன். பட்ட இடத்தை நோயாளி மறு கையால் தொட்டுக் காட்ட வேண்டும். நடவுக் காலத்தில் இதில் ஒரு தொல்லை உண்டு. நாளெல்லாம் சேற்றுத் தண்ணீரில் ஊறிய கைக்கு, நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த நூல் தெரியாது. அதனால் வயலிலிருந்து நேராக வருகிற பெண்களைக் கை கழுவச் சொல்லி, டீ கொடுத்து, தோல் காய்ந்து பழைய நிலைக்கு வரும்வரை உட்காரவைப்போம். அதன் பிறகு தசையின் பலம். சுண்டுவிரலை விரித்து என் விரலை எதிர்த்துத் தள்ளச் சொல்வேன். கட்டை விரலைத் தூக்கு, மணிக்கட்டை நிமிர்த்து. ஒவ்வொருவருக்கும் மாதா மாதம் இதுவே. அலுப்பான வேலை. அந்த அலுப்பைப் பொறுத்துக்கொள்வதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

கிருமி செத்த பிறகும் நரம்பு ஏன் சாகிறது என்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. எனக்கு அது விளங்கவில்லை. ஒரு நாள் ஜன்னலுக்கு வெளியே அறுப்பு முடிந்த வயலில் எலி பிடிக்கிறவர்கள் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதைக் காட்டிச் சொன்னார்.

"எலி செத்துப்போச்சும்மா. மருந்து கொன்னுடுச்சு. ஆனா செத்த எலி வளைக்குள்ளயே கெடக்கு. உடம்புக்கு அந்த வாடை பொறுக்கல. மம்முட்டிய எடுத்துக்கிட்டு வரப்பை வெட்டுது. எலி ஏற்கெனவே போயிடுச்சு. இப்ப வரப்பும் போவுது."

எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பில் கிருமி பெருகும், ஆனால் சண்டை பெரிதாக இருக்காது. சக்தி நன்றாக இருக்கிற உடம்பில் கிருமி கொஞ்சம்தான், ஆனால் அதோடு போடுகிற சண்டையில் நரம்பு நசுங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம் படுவார்கள், அவர்கள் உடம்பு எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. சாய்வதற்கு முன்பே ரத்தத்தில் ஏதாவது அடையாளம் தெரியுமா என்று பார்ப்பதற்காக மாதா மாதம் ரத்தம் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நான் ஓய்வு பெறும்வரை அப்படி ஒரு பரிசோதனை எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. டாக்டர் நிவேதாவின் மேசைக்கும் வரவில்லை என்றுதான் தெரிகிறது.

தையல்நாயகி இப்படி நடுவில் நின்றவள். வலங்கைமான் பக்கத்துக் கிராமம். நடவு ஆட்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவள் அவள்தான். அவள் வரிசையைப் பார்த்து மற்றவர்கள் நடுவார்கள். கன்னத்தில் ஒரு படையும் வலது முன்கையில் ஒரு படையும் இருந்தன. முன்கைப் படையில் பஞ்சால் தொட்டால் உணர்ச்சி இல்லை. வலது முழங்கை நரம்பு தடித்திருந்தது. ஆனால் விரல்களில் பலம் குறையவில்லை. என்ன நோய் என்று டாக்டர் சொன்னபோது அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் பந்தியில உக்காரலாமாங்க சார்?"

எங்களுக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். அவள் பெரியப்பாவுக்கு இதே நோய் வந்து விரல்கள் மடங்கிப்போனதாம். கல்யாணம் காட்சி என்றால் அவருக்கு மட்டும் மாட்டுக் கொட்டகைப் பக்கம் இலை போடுவார்களாம்.

"சோறு எப்படியோ தின்னுடுவாரு சார். ரசம் ஊத்தினாத்தான். எங்க ஊருல ரசத்தைக் கையில ஊத்திக் குடிப்போம் பாருங்க, அது நிக்காது. விரலு சந்துல ஓடி சட்டையெல்லாம் நனைஞ்சிரும். பாத்தவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. எனக்கு ரசம்னா உசுரு சார்."

டாக்டர் யாருக்கும் வாக்குக் கொடுக்கிறவர் இல்லை. அன்றைக்கு என்னவோ சொல்லிவிட்டார். "மருந்தை ஒழுங்காச் சாப்பிடு. பந்தியில உக்காரலாம்."

ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள். படைகள் மங்கிக்கொண்டே வந்தன. ஆனி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு மும்முரமாக இருந்த சமயம், அவள் வர வேண்டிய நாளே இல்லை, சேலைக் கொசுவத்தில் சேறு காயாமல் வந்து நின்றாள்.

"சிஸ்டரு, நான் நட்ட நாத்து மட்டும் மெதக்குது."

எங்கள் கட்டடத்தில் பெண் என்றால் எல்லோரும் சிஸ்டர்தான். என்ன மிதக்கிறது என்று கேட்டேன். நாற்றைக் கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்த்துப் பிடித்துச் சேற்றில் அழுத்தினால் அது நிற்க வேண்டும். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அவள் வரிசையில் மட்டும் நாற்றுகள் கிளம்பித் தண்ணீரில் மிதக்கின்றனவாம். கூட நடுகிற பெண்கள், "தலைவிக்கு வயசாயிருச்சு" என்று கேலி செய்கிறார்களாம். வலி உண்டா என்றேன். இல்லை என்றாள். முகத்தைப் பார்த்தேன். முகமும் இல்லை என்றுதான் சொன்னது.

கை கழுவவைத்து, டீ கொடுத்து, காயவைத்துப் பார்த்தேன். என் விரல் லேசாகத் தள்ளியதற்கே அவள் சுண்டுவிரல் விட்டுக்கொடுத்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தேன். பிடித்தாள், ஆனால் கட்டை விரலின் நுனியை மடக்கித்தான் பிடிக்க முடிந்தது. பக்கத்துத் தசை வேலை செய்யாதவர்கள் இப்படித்தான் சமாளிப்பார்கள். போன மாதம் அந்தத் தசை நன்றாக இருந்தது. வலித்துக்கொண்டு போகிற நரம்பு நம்மைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போகும். சத்தமில்லாமல் போகிறதுதான் மோசம்.

டாக்டர் அன்றே ஸ்டீராய்டு ஆரம்பித்தார். கைக்குச் சட்டம் வைத்துக் கட்டினேன். "உடம்பு போடுற சண்டையை இந்த மாத்திரைதான் நிறுத்தணும். எது வந்தாலும் நீயா இதை நிறுத்தக் கூடாது" என்றார். தலையாட்டினாள். வாரம் ஒரு முறை வரச் சொன்னோம். ஒரு வாரம் வந்தாள். அடுத்த வாரம் வரவில்லை.

ஜீப்பை எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர், நான், களப்பணியாளர் முருகையன். ஆடி மாதம். அவள் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நானும் இந்த ஊர்க்காரிதானே. அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் போகக் கூடாது, மருந்து மாத்திரை கூடாது, தலைக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றி அம்மனை வழியனுப்பும்வரை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு அம்மை போட்டபோது என் தாயும் அப்படித்தான் செய்தாள். நிலைப்படியைத் தாண்ட என் கால் வரவில்லை.

அவள் புருஷன் கலியபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமியார்தான் பேசினாள்.

"ஆத்தா எறங்கியிருக்கா சார். காய்ச்சல், மூஞ்சியெல்லாம் செவசெவன்னு வீங்கிருக்கு. இப்பப் போயி மாத்திரை குடுத்தா குத்தமாயிடும்."

"முத்து போட்டிருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார். அம்மைக் கொப்புளத்தை எங்கள் பக்கம் முத்து என்போம். முத்து இல்லையென்றால் அம்மை இல்லை என்று அவர்களே உணர்ந்துகொள்வார்கள் என்று நினைத்திருப்பார்.

"முத்து வெளிய வரல சார். உள்ளயே தங்கிட்டா. அதான் பயமா இருக்கு."

அவர் ஒரு கதவைத் திறக்கப் பார்த்தார், அது இன்னும் இறுக்கிச் சாத்திக்கொண்டது. முருகையன் என் பக்கம் குனிந்து, "பூசாரிகிட்ட மாத்திரையக் குடுத்துத் திருநீத்தோட குடுக்கச் சொல்லலாம்" என்றான். டாக்டர் காதில் விழுந்துவிட்டது.

"இது ஒரு நாள் மருந்தாய்யா? பொய் சொல்லிக் குடுத்தா எத்தனை மாசத்துக்குச் சாப்பிடுவா?"

அப்போது உள்ளேயிருந்து தையல்நாயகி எழுந்து வந்தாள். மஞ்சள் சேலை. கன்னத்தில் மங்கிப்போயிருந்த படை தடித்து, சிவந்து, பளபளவென்று இருந்தது. முன்கைப் படையும் அப்படியே. ஒரு நொடி எனக்கே அம்மைதானோ என்று தோன்றியது. அவள் உடம்பு நடத்திய சண்டை, மாத்திரை பிடிப்பதற்குள் முற்றிப்போய் முகத்துக்கு வந்திருந்தது. அந்த நேரம் பார்த்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள். குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்த கதைதான்.

"கையைக் காட்டும்மா" என்றார் டாக்டர்.

நிலைப்படிக்கு உள்ளே நின்றபடி கையை வெளியே நீட்டினாள். மாமியார் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "தொடட்டும் அத்தை" என்றாள் இவள். என் கையில் காகிதம் இல்லை. டாக்டர் வாசல் கொத்திலிருந்து ஒரு வேப்பிலையை எடுக்கலாமா என்று மாமியாரிடம் கேட்டார். அவள் தானே கிள்ளிக் கொடுத்தாள். அதைத் தையல்நாயகியின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, "விடாதே" என்று சொல்லி இழுத்தேன். இழுத்தேன் என்று கூடச் சொல்ல முடியாது. இலை தானாக என் கைக்கு வந்துவிட்டது.

அவள் தன் விரலையே பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"இது ஆத்தாவா சார், நீங்க சொன்ன சண்டையா?"

"நான் படிச்ச வரைக்கும் இது ஆத்தா இல்லம்மா. நாளாக ஆகக் கை போயிடும். இன்னிக்கே மாத்திரை போடணும்."

திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். கலியபெருமாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் சொன்னாள்: "மூணாந்தண்ணி ஊத்தினதும் ஓடியாந்துடறேன் சார். அதுவரைக்கும் நான் இந்த வூட்டு மருமவ. எனக்காவ இவங்க எல்லாரும் உப்பு தாளிப்பு இல்லாம விரதம் இருக்காங்க. நான் எப்படி சார் மாத்திரையைத் திங்கறது?"

எவ்வளவோ சொன்னோம். திடீரென்று இந்த மாத்திரையை நிறுத்துவதே ஆபத்து என்று டாக்டர் கெஞ்சாத குறையாகச் சொன்னார். நடக்கவில்லை. ஜீப்பில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. மாமியார் மேல் கோபம், அம்மன் மேல் கோபம், நிலைப்படியில் நின்றுவிட்ட டாக்டர் மேலும் கோபம். அதன் பிறகு தினமும் காலையில் டாக்டர், வெந்நீரில் விரலை வைத்தபடி, "வந்தாளா?" என்று மட்டும் கேட்பார்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய மறுநாள் வந்தாள். தலையில் மஞ்சள் வாசனை போகவில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கத் தொடங்கியிருந்தன. மறுபடி ஸ்டீராய்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாதக்கணக்கில். கையை வெதுவெதுப்பான மெழுகில் தோய்த்து எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்துவேன். நடவு போயிற்று, களையெடுப்பு போயிற்று, அறுப்பும் போயிற்று. அவள் வரப்பில் நின்று மற்றவர்களை ஏவிக்கொண்டிருந்தாள். தை வாக்கில் கட்டை விரலுக்குப் பிடி திரும்பியது. காகிதத்தை விடாமல் பிடித்தாள். கடைசி இரண்டு விரல்கள் பாதி நிமிர்ந்ததோடு நின்றுவிட்டன. அந்தப் பக்கத்து உணர்ச்சி வரவே இல்லை.

பங்குனியில் வலங்கைமான் மாரியம்மனுக்குப் பாடைக்காவடி எடுத்தாள். பெரிய நோயிலிருந்து பிழைத்தவர்கள் பிணம்போலப் பாடையில் படுத்துக் கோயிலுக்குப் போகிற வேண்டுதல் அது. பிரசாதத்தோடு எங்களிடம் வந்தாள். கொஞ்சம் வீம்பாக, "ஆத்தா பேச்சைக் கேட்டதுக்குப் பாதிக் கையாவது திரும்பிச்சு, இல்ல?" என்றார் டாக்டர். கேலியாகத்தான் கேட்டார்.

அவள் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஆத்தா பாதி, நீங்க பாதி சார்" என்றாள்.

அவள் போன பிறகு டாக்டர் அந்தத் திருநீற்றுப் பொட்டலத்தை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மருந்தே இல்லாமல் சிலருக்கு நரம்பு தானாகத் திரும்பும். மருந்து நாள் தவறாமல் சாப்பிட்டும் சிலருக்குத் திரும்பாது. "அதுல நம்ம பாதி எதுன்னு தெரிஞ்சா போதும், சந்திரா. நான் பொட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவேன்" என்றார். அது தெரியாமலேயேதான் அவர் ஓய்வு பெற்றார், சில வருடங்களில் காலமும் ஆனார். எங்கள் பிரிவைப் பொது மருத்துவமனையோடு சேர்த்தார்கள். மிச்ச வருடங்களை நான் மற்றவர்களின் முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் பயிற்சி சொல்லிக் கழித்தேன். தொழுநோயா, அதெல்லாம் இன்னும் இருக்கா என்று கூட வேலை செய்கிறவர்களே கேட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோய், ஒரு கட்டத்தில் சிரித்துவைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

டாக்டர் நிவேதா போன் செய்த மறு வாரம், பாபநாசத்தில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். முருகையனின் மகளுக்கு. பந்தியில் என் பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். தலை வெளுத்திருந்தது. விரல்களைப் பார்த்துத்தான் அடையாளம் தெரிந்தது.

"நடவுக்குப் போறியா தையலு?"

"எங்கேர்ந்து சிஸ்டரு? இப்ப எல்லாம் மெசினுதான் நடுது. ஒரு நாத்து மெதக்கல, போங்க." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த வேலைக்காக அந்தக் கையோடு அத்தனை மாதம் மல்லுக்கட்டினோமோ, அந்த வேலையே இல்லாமல் போயிருந்தது. அந்த நினைப்பிலேயே சாம்பார்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ரசம் வந்தது. வாளியோடு வந்த ஆள், "சாதத்துலயா, கையிலயா?" என்றான்.

தையல்நாயகி வலது கையைக் குழித்து நீட்டினாள். கட்டை விரல் உறுதியாக அணைத்துக்கொண்டது. மடங்கிய இரண்டு விரல்களின் பக்கம் மட்டும் ஓர் இடைவெளி. ரசம் அதன் வழியாக ஒழுகி மணிக்கட்டில் இறங்கி இலையில் சொட்டியது. எதிர் வரிசையில் இருந்தவர்கள் அவரவர் இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை. அவள் கையில் நின்றதை உறிஞ்சிக் குடித்துவிட்டு, அந்தக் கையை மறுபடியும் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா."